கோவிலகத்துச் சுவரில் ஓர் உப்புக் கிழி

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நானும் என் மனைவி ஞானம்மாளும் கம்பம்மெட்டில் உள்ள எங்கள் வீட்டைப் பூட்டினோம். ஆவணி மாதத்துச் சாரல் இடைவிடாது பெய்துகொண்டிருந்தது. நாங்கள் செல்லவிருந்த இடம் பாலக்காடு மாவட்டத்தில், கொல்லங்கோட்டிற்குச் சற்று அப்பால், கோவிலகம் என்று மலையாளத்தில் வழங்கும் பழைய அரண்மனை ஒன்றில் அமைந்திருக்கும் ஓவியக் காட்சியகம். ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன், ஓவியம் காண்பதற்காக ஏறக்குறைய இருநூற்றெழுபது கிலோமீட்டர் செல்வானேன் என்று வாசகர் வினவக்கூடும். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், எங்களுக்குத் திருமணம் ஆவதற்கு முந்தைய மழைக்காலத்தில், தாடி வைத்த ஓவியர் ஒருவர் எங்கள் தோட்டத்திற்கு வந்து ஒரு வாரம் தங்கினார். காய் எடுக்கும் பெண்களை வரைய விரும்பினார். எடைக்குக் கூலி வாங்கும் பெண்கள் படத்திற்காக அசையாமல் அமர்வார்களா? அவர்கள் தம் வேலையைப் பார்த்தார்கள்; அவர் தம் வேலையைப் பார்த்தார். புறப்படும் நாளில் அவர், அப்பெண்களுள் ஒருவராக இருந்த ஞானம்மாளிடம், "உன்னைப் பெரிய படமாக வரையப் போகிறேன்" என்று சொல்லிச் சென்றார். இதை ஞானம்மாள் நம்பினார். வேறொருவரும் நம்பவில்லை. அன்று முதல், உடன் காய் எடுத்த அடுத்த வீட்டுப் பாக்கியம் அவரை "மகாராணி" என்றே அழைத்து வருகிறார். நானும் என் பங்கிற்கு, அந்தப் படம் எங்கேனும் அடுப்பெரிக்கப் போயிருக்கும் என்று பலமுறை கூறியிருக்கிறேன்.

சென்ற மாதம் பாலக்காட்டில் செவிலியராகப் பணிபுரியும் எங்கள் மகள் கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பினாள். கோவிலகத்தில் புதிதாகத் திறந்த காட்சியகத்து ஓவியம். ஓவியர் காலமான பின் அவர் குடும்பத்தார் தம் வசமிருந்தவற்றை அங்கே ஒப்படைத்துவிட்டனராம். "அம்மா, இது நீங்களா?" என்று மகள் கேட்டிருந்தாள். உள்ளங்கை அளவுப் படத்தில் பெரிய இலைகளும் குனிந்த உருவங்களும் தெரிந்தனவே அன்றி முகம் தெரியவில்லை. நேரில் சென்று பார்ப்பதென ஞானம்மாள் முடிவு செய்தார். அவர் முடிவு செய்தால் நான் சீட்டு வாங்குவது வழக்கம்.

சாவியை வாங்கிக்கொண்ட பாக்கியம் வாசலில் நின்று, "மகாராணி பொறப்பட்டாச்சா? படத்துல நீ இல்லேன்னா என்னட்டி செய்வ?" என்றார்.

"இல்லேன்னா நீ சொன்னது சரின்னு கோயில்ல வச்சுச் சொல்லுதேன். இருந்தா?"

"இருந்தா இனிமே உன்னைய மகாராணின்னு கூப்பிடல."

"வேண்டாம். இருந்தா அப்படித்தான் கூப்பிடணும்" என்று கூறிவிட்டு ஞானம்மாள் நடக்கலானார்.

எங்கள் வீட்டிலிருந்து சாலைக்கு ஏலச்செடிகளின் ஊடே கால் மணி நேர நடை. மழைக்காலத்தில் அவ்வழியில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் மிகுதி. அதற்காக எங்கள் பெண்கள் இடுப்பில் உப்புக் கிழி ஒன்று செருகியிருப்பார்கள். வெள்ளைத் துணியில் கல்லுப்பும் பொடித்த புகையிலையும் வைத்து எலுமிச்சையளவு முடிந்தது அது. மழையில் நனைந்த கிழியை அட்டையின் மேல் ஒற்றினால் அது கடியை விட்டுக் கீழே விழும். சாலையை அடைவதற்குள் ஞானம்மாள் தமக்கு இரண்டும் எனக்கு மூன்றுமாக அட்டைகளை வீழ்த்தினார்.

காலை ஏழு மணி, கம்பம் பேருந்து நிலையம். மலைப்பாதையில் பதினான்கு கிலோமீட்டர் இறங்கியதும் மழை நின்று வெயில் அடித்தது. காப்பி அருந்துகையில் அவர் இடுப்பில் அந்த ஈரக் கிழி இன்னும் இருப்பதைக் கண்டேன். புகையிலைக் கறை சேலையில் ஏறத் தொடங்கியிருந்தது. நானோ சலவைச் சட்டையும் புதிய காலணியும் அணிந்து வந்தவன். "கற்றவர்கள் வந்துபோகும் இடத்திற்குச் செல்கிறோம். அதை எறிந்துவிடலாமே" என்றேன்.

"எடுப்புக்கு எறங்குன நாள்ல இருந்து மழக்காலத்துல இது இல்லாம நான் வெளிய போனதில்ல. உங்க காட்சியகம் கோவிச்சுக்கிடுமா?"

"அங்கே அட்டை இருக்காது."

"திரும்பி வாற வழியில இருக்குமே" என்றார்.

ஏழு இருபதுக்குக் கோயம்புத்தூர் பேருந்து. பொள்ளாச்சி வரை ஆளுக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய். தேனி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை என்று ஊர்கள் கடந்தன. கேரளத்தின் ஓர் எல்லையில் இறங்கி, தமிழ்நாட்டின் மேற்குப் பகுதி முழுவதையும் வகிடெடுத்தாற்போல் கடந்து, கேரளத்தின் மற்றோர் எல்லையில் ஏறுவதுதான் இப்பயணம். நடத்துநர் எங்களிடம், "பொள்ளாச்சில யாரு இருக்கா பெரியவரே?" என்று கேட்டார். நான் பதில் தேடுமுன் ஞானம்மாள், "பொள்ளாச்சில யாருமில்ல தம்பி. அதுக்கு அங்கிட்டு நானே இருக்கேனான்னு பாக்கப் போறேன்" என்றார். நடத்துநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முன்பக்கம் சென்றுவிட்டார்.

பொள்ளாச்சியில் பேருந்து மாறி, பிற்பகல் மூன்று மணிக்குக் கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்தில் இறங்கினோம். மகளுடன் பணிபுரியும் பெண்ணின் தந்தை பொன்னுசாமி, தென்னந்தோப்பும் வயலும் உடைய விவசாயி, எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் வீட்டில் இரவு தங்குவதென ஏற்பாடு. இளநீர் வெட்டிக் கொடுத்தபடியே கேட்டார்: "ஏனுங்க, இத்தன தொலவு வந்து பாக்கறாப்ல அதுக்குள்ள அப்பிடி என்னங்க இருக்குது?"

"நீங்கள் பார்த்ததில்லையா?" என்றேன்.

"எட்டு மைலு தான். நான் உள்ள போனதில்லீங்க. எங்க தாத்தன் காலத்துல பாட்ட நெல்லை, அதான் குத்தகை நெல்லைக் கொண்டுபோயி அளந்து போட்டுட்டு வாசல்லயே திரும்பிருவாங்களாமா. எங்கப்பாரும் அப்பிடித்தான். அதுக்கப்பறம் சட்டம் வந்து நெலம் எங்குளுதாயிருச்சு. ஆனாலும் அந்த வாசலத் தாண்டி எதுக்குங்க போறதுன்னு உட்டுட்டேன்."

"நாளைக்கு எங்ககூட வாங்க அண்ணே. சீட்டு நான் எடுக்கேன்" என்றார் ஞானம்மாள்.

"நீங்க விருந்தாளிங்க. சீட்டு நானுங்க எடுக்கோணும்" என்றார் அவர். அந்த வழக்கு இராச் சாப்பாடு வரை நீடித்தும் தீராததால், அவரவர் சீட்டை அவரவரே எடுப்பதென நான் தீர்ப்பளித்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணி. பொன்னுசாமியின் ஜீப் கோவிலகத்து வாசலில் நின்றது. தெற்கே நெல்லியாம்பதி மலைத்தொடர் நீலச் சுவர்போல் நிமிர்ந்திருக்க, அதன் அடிவாரம் வரை நெல் வயல்கள். வாசலில் ஓடு வேய்ந்த நுழைவு மண்டபம். அதைக் கடந்தால் முற்றம். முற்றத்தின் மேற்கே இரண்டடுக்கு மர மாளிகை. அதைப் பத்தாயப்புரை என்கிறார்கள். குத்தகை நெல்லைக் கொட்டி வைத்த களஞ்சியம். சுவர்கள் கைமுழம் இரண்டு கனம். தரையும் கூரையும் தேக்கு. நெல் கொட்டிய அறைகளின் தடுப்புப் பலகைகளைக் கழற்றி, அந்த வெளியில் ஓவியங்களை மாட்டியிருக்கிறார்கள். கட்டணம் ஆளுக்கு முப்பது ரூபாய். காலணிகளையும் பைகளையும் வெளியே வைத்துவிட வேண்டும். இடுப்பில் செருகிய கிழியை யாரும் கேட்கவில்லை.

பொன்னுசாமி வாசற்படியருகே சற்று நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை அவிழ்க்கப் போனவர், அவிழ்க்காமலே உள்ளே காலெடுத்து வைத்தார். உள்ளே சென்றதும் மூக்கை உறிஞ்சி, "இன்னும் நெல்லு வாசம் போகலீங்க" என்றார். எனக்கும் அது தெரிந்தது.

கீழ்த்தளத்தில் கோவிலகத்து மூதாதையரின் உருவப்படங்களும் யானை ஊர்வலக் காட்சிகளும் இருந்தன. அவற்றைக் கண்டு எழுத வேண்டியவை பல உண்டு. ஆயினும் ஞானம்மாள் எதன் முன்னும் நிற்காமல் மரப்படியேறி மேலே சென்றுவிட்டமையால், நானும் அவற்றை நடந்தவாறே பார்த்தேன்.

மேல்தளத்தின் கடைசிச் சுவரில் அது இருந்தது. ஆறடி அகலம், நான்கடி உயரம். ஆளுயரத்திற்கு மேல் எழுந்த கரும்பச்சை இலைகள். அவற்றின் அடியில் இருள். அந்த இருளில் ஐந்து பெண்கள். நால்வர் நிலம் தொடக் குனிந்திருந்தனர். அவர்கள் இடுப்பில் சிறு வெள்ளை முடிச்சுகள். நடுவிலிருந்த ஐந்தாமவள் மட்டும் முகவாயை உயர்த்தி அண்ணாந்து, ஒரு கையால் வெள்ளை முடிச்சைக் கழுத்தருகே பிடித்திருந்தாள். இலைகளினூடே இறங்கிய ஒளி முழுவதும் அவள் கழுத்திலும் கையிலும் விழுந்தது. முகம் பாதி நிழலில். எத்தகைய ஓவியம் என்பதை உரைக்க எனக்குச் சொற்கள் போதா. என் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த இடத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

காட்சியகப் பொறுப்பாளர் தேவகி டீச்சர் எங்களை வரவேற்றார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. பாலக்காட்டவர் ஆதலால் தமிழ் நன்கு பேசினார். படத்தின் கீழிருந்த பலகையில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததை எங்களுக்காகத் தமிழில் சொன்னார்:

"இதோட பேரு 'காவில் காணிக்கை'. காவுன்னா தெய்வம் குடியிருக்கிற தோப்பு. பெண்கள் விழுந்து கும்பிடறாங்க. இடுப்புல காணிக்கை முடிப்பு. நடுவுல இருக்கிறவ தெய்வத்தை நேரா பாத்து, தன் காணிக்கையை உயர்த்தறா. அந்தக் கண்ணுல உள்ள பக்தியைப் பாருங்க."

பொன்னுசாமி கைகூப்பினார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். இது தோப்பு, இவர்கள் பக்தைகள், நாங்கள் தவறாக வந்துவிட்டோம். பாக்கியத்தின் குரல் இப்போதே என் காதில் விழுந்தது. "போகலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

ஞானம்மாள் நகரவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"டீச்சர், அது பக்தி இல்ல. அட்ட."

"என்னது?"

"தாடைக்குக் கீழ அட்ட கடிச்சிருக்கு. அதான் அண்ணாந்திருக்கா. கையில இருக்கது உப்புக் கிழி. நான் மாதா கோயில்ல கூட இப்படி அண்ணாந்து பாத்ததில்ல."

"அப்போ மத்தவங்க கும்பிடறது?"

"ஏலக்கா எடுக்காங்க. காய் செடி மேலயா காய்க்கும்? தூருல, தரையோட தரையாச் சரம் படர்ந்து கெடக்கும். குத்தவச்சுக் குனிஞ்சுதான் எடுக்கணும். இது எங்க தோட்டம். அது நான்."

பொன்னுசாமி கூப்பிய கையை இறக்கினார். "ஏலக்கா மேல காய்க்கும்னுல்லங்க இத்தன நாளு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

தேவகி டீச்சர் கோபிக்கவில்லை. ஆயினும் உடனே ஏற்கவும் இல்லை. "அம்மா, நீங்க சொல்றது ரசமாத்தான் இருக்கு. ஆனா போன வாரம் ஒருத்தர் வந்து, இது எங்க குடும்பக் காவுன்னு சொல்லி விளக்கு வைக்கணும்னு நின்னார். எல்லாரும் அவங்கவங்க ஊரைத்தான் இதுல பாக்கறாங்க. படத்துக்கு ஓவியர் பேரு வைக்கல. கமிட்டி கூடி வச்ச பேரு. மாத்தணும்னா ஆதாரம் வேணும், கேட்டோ" என்றார், தம் மலையாள வழக்கில்.

அப்போது ஞானம்மாள் இடுப்பிலிருந்து அந்தக் கிழியை எடுத்தார். கம்பத்தில் எறியச் சொன்னேனே, அதே கிழி. ஓவியத்தின் அருகில் நின்று, முகவாயை உயர்த்தி, இடது கையால் அதைத் தாடைக்கடியில் ஒற்றிக் காட்டினார். அறுபத்தொரு வயதுக் கழுத்து. ஆனால் சாய்வு அதே சாய்வு. முழங்கையின் மடிப்பு அதே மடிப்பு. படத்தில் இருந்தவளும் இடது கையால்தான் கிழியைப் பிடித்திருந்தாள். குனிந்திருந்த நால்வரும் வலக்கையால் வேலை செய்துகொண்டிருந்தனர்.

தேவகி டீச்சர் படத்தைப் பார்த்தார்; ஞானம்மாளைப் பார்த்தார். கிழியை வாங்கி முகர்ந்துவிட்டுத் தும்மினார். பின், "இங்கேயே இருங்க" என்று சொல்லி விரைந்து கீழே இறங்கினார். இருபது நிமிடம் கழித்து, நாடா கட்டிய நான்கு ஓவியக் குறிப்பேடுகளுடன் திரும்பினார். ஓவியரின் குடும்பத்தார் கொடுத்தவை. வரிசைப்படுத்த இன்னும் நேரம் வாய்க்கவில்லை என்றார்.

முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் மழையும் மலையும் ஏல உலர்த்தும் கூடமும் இருந்தன. அந்தக் கூடத்தின் புகைப்போக்கி ஒரு புறம் சாய்ந்திருப்பதைக் கண்டதும் அதன் மேல் விரலை வைத்தேன். அது எங்கள் தோட்டத்துக் கூடம். அடுத்த பக்கத்தைத் தேவகி டீச்சர் புரட்டினார். பென்சிலில் ஓர் இளம்பெண், உயர்த்திய முகவாய், இடது கையில் கிழி, தாடைக்கடியில் அழுத்தமாக ஒரு சிறு கருங்கோடு. கீழே மலையாளத்தில் நான்கே சொற்கள். அவர் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"கம்பம்மெட்டு. ஞானம். அட்ட. இடங்கை."

பொன்னுசாமிதான் முதலில் வாய் திறந்தார்: "இனி கமிட்டி கூடுனா இந்த அம்மாவை நடுவுல ஒக்கார வைக்கோணுமுங்க."

முறைப்படி பெயரை மாற்றக் கமிட்டி கூடியே ஆக வேண்டும். ஆயினும் அதுவரை தவறான பலகை தொங்குவதைத் தாம் விரும்பவில்லை என்று கூறித் தேவகி டீச்சர் அதைக் கழற்றினார். தற்காலிகமாகக் கெட்டித் தாளில் எழுதி மாட்டலாம். மலையாளத்தைத் தாம் எழுதுவதாகக் கூறி, தமிழும் வேண்டும், அதை நான் எழுத இயலுமா என்று கேட்டார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியைக் காணாதவன் நான். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

"மத்த நாலு பேரும் யாருன்னு தெரியுமா அம்மா? முகமே தெரியலையே" என்றார் தேவகி டீச்சர்.

"தெனமும் அவளுக பின்னால நடந்தவளுக்கு முதுகு தெரியாதா?" என்ற ஞானம்மாள், ஒவ்வொரு முதுகாகச் சுட்டினார். தலைத்துணியை இடப்புறம் முடிந்தவர் சவரியம்மாள். ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தவர் ரோசலி. கூடையைப் பிறர் தொடாதபடி கால்களுக்கிடையே வைத்திருப்பவர் அன்னக்கிளி. நான்காவது முதுகிடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி சிரித்தார். அந்தப் பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

"சவரியம்மாளையும் ரோசலியையும் மொதல்ல எழுதுங்க. அவங்க வந்து சரிபாக்க முடியாது" என்றார் என்னிடம். இருவரும் இறந்து பல ஆண்டுகளாகின்றன. தோட்டத்து வருகைப் பேரேட்டில் இவர்கள் பெயரை எத்தனை முறை எழுதியிருப்பேன். அன்றெல்லாம் எழுத்து கோணினால் எவரும் கேட்டதில்லை. இப்போது அளவுகோல் வைத்துக் கோடிட்டு எழுதினேன்: 'ஏலக்காய் எடுப்பு, கம்பம்மெட்டு. இடமிருந்து வலமாக ரோசலி, சவரியம்மாள், ஞானம்மாள், அன்னக்கிளி, பாக்கியம்.' இறந்தவரை முதலில் எழுதவே முயன்றேன். அதிர்ஷ்டவசமாக அவர்கள் அமர்ந்திருந்த இடமும் இடப்புறமாகவே இருந்தது.

பகல் பன்னிரண்டரைக்கு அந்தக் கெட்டித் தாளை மாட்டினோம். அடுத்த கணம் ஞானம்மாள் கைப்பேசியில் பாக்கியத்தை அழைத்தார். ஒலிபெருக்கியில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"ஏட்டி, நான் இருக்கேன்."

"பொய் சொல்லாத."

"இருக்கேன். ஆறடிப் படம். அரமனைச் சொவரு. பேரும் எழுதியாச்சு. நீயும் இருக்க."

மறுமுனையில் மழைக்கு மேலாக ஏதோ பாத்திரம் கீழே விழும் ஓசை கேட்டது. பின்பு, "நானா? மூஞ்சி எப்படியிருக்கு?"

"மூஞ்சி இல்ல. முதுகு."

"முதுகு நல்லாருக்கா?"

"முப்பத்தெட்டு வருசமா என்னைய கேலி பண்ணுன முதுகு. நல்லாத்தான் இருக்கு. வந்து பாரு."

"அடுத்த வாரமே போவோம், மகாராணி" என்றது கைப்பேசி. அந்தச் சொல் இம்முறை வேறு எடையில் ஒலித்தது.

விடைபெறுகையில் தேவகி டீச்சர் ஒரு வேண்டுகோள் வைத்தார். உப்புக் கிழியைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டு ஓவியத்தின் அருகே வைக்க விரும்புவதாகச் சொன்னார். நான் பெருமிதத்தோடு தலையசைத்துவிட்டேன். ஞானம்மாள் அசைக்கவில்லை. "இது வழிக்கு வேணும் டீச்சர். பாக்கியத்தக் கூட்டிட்டு வாறப்போ புதுசா ஒண்ணு கட்டிக் கொண்டாந்து தாரேன்" என்று கூறி அதை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். முற்றத்தில் பொன்னுசாமி நுழைவு மண்டபத்தின் தூணில் சாய்ந்து, உள்ளிருந்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கிருந்து பாத்தா நம்ம வயலு இருக்கற தெச தெரியுதுங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவிந்தாபுரத்திலிருந்து புறப்பட்டு, வந்த வழியே திரும்பினோம். பொள்ளாச்சியில் வெயில், பழனியில் வெயில், கம்பத்தில் மேகம், மலையேறியதும் சாரல். கோவிலகம் பெரியது, அதன் தேக்கும் முற்றமும் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் அங்கே சட்டமிட்டு மாட்டிய இருளும் ஒளியும் எங்கள் வீட்டு வழியிலேயே கிடக்கின்றன என்பதை மாலை நான்கரைக்குச் சாலையில் இறங்கி நடக்கும்போது கண்டேன். இலைகளை நின்று பார்த்தேன். நின்றதால் என் புதிய காலணிக்கு மேலே, காலுறையின் விளிம்பில், ஓர் அட்டை ஏறியது.

ஞானம்மாள் என் காலடியில் குத்தவைத்து அமர்ந்து, கிழியை எடுத்து இடது கையால் ஒற்றினார். அட்டை விழுந்தது. பின் அண்ணாந்து, "என்ன அப்படிப் பாக்கீங்க?" என்றார்.

நேற்று இதே காட்சியைக் காண நான் முப்பது ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தேன்.